லலிதாஜியும் கல்யாணியும்

மளிகைக் கடையில் பாக்கியில்லாமல் கணக்கு முடிக்கிற குடும்பங்களுக்குப் புது வருஷம் பிறக்கும்போது கடைக்காரர் ஒரு காலண்டர் கொடுத்தனுப்புவது நம் ஊர்களில் நெடுங்காலமாக நடந்துவந்த ஒரு மரியாதை. மேலே லக்ஷ்மியோ முருகனோ வெண்ணெய்த் தாழியோடு பாலகிருஷ்ணனோ வீற்றிருக்க, கீழே கடையின் பெயரும் விலாசமும் அச்சாகியிருக்கும். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய அத்தகைய திருவுருவங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாக எண்ணற்ற வீடுகளின் சுவர்களை அடைந்து, வருஷம் முடிந்து தேதித்தாள் தீர்ந்த பிறகும், கீழ்ப்பகுதி கத்தரிக்கப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து பூஜையறையில் இடம்பெறும் பேறு பெற்றன. விற்றவனுடைய பெயர் மறைந்து, விற்பதற்காக வந்த முகம் மட்டும் வீட்டில் நிலைத்துவிடுகிற இந்த அதிசயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்மணியின் ஞாபகம் வருகிறது. அவரும் ஒரு பொருளை விற்பதற்காகவே நம் வீடுகளுக்குள் வந்தார். பொருள், சலவைத் தூள். வந்த சில ஆண்டுகளிலேயே அதே முகத்தோடு, ஆனால் காக்கி உடை தரித்து, தாமே எழுதித் தாமே இயக்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகியாக மறுபடி வந்தார். கவிதா சௌத்ரி என்பது அவர் பெயர். தேசத்தில் பெரும்பாலோர் அவரை அந்தப் பெயரால் அறிந்ததில்லை.

அவருடைய வாழ்க்கையைச் சொல்வதற்கு முன்னால், முகத்தைக் காட்டிப் பொருளை விற்கிற தொழிலின் சரித்திரத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தச் சரித்திரத்தில் அவர் வகித்த இடம் இன்னதென்று தெரிந்தாலொழிய அவர் செய்த காரியத்தின் அருமை விளங்காது. தெய்வங்களின் முகத்தைக் காட்டி விற்றுவந்த வியாபாரிகள் மானிட முகத்தைக் காட்டி விற்கத் துணிந்தது மெல்ல மெல்லத்தான். ஒரு முகத்தை நம்பி ஜனங்கள் முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் அது முன்பே பழகிய முகமாக இருக்கவேண்டும் என்பது வியாபாரிகளின் கணக்கு. ஆகையால் முதலில் அழைக்கப்பட்டவர்கள் சினிமா நட்சத்திரங்கள். 1941-ஆம் ஆண்டில் லக்ஸ் சோப்பின் விளம்பரத்தில் லீலா சிட்னிஸ் தோன்றினார். அந்த சோப்பைக் கையிலேந்திய இந்திய நடிகையரின் நீண்ட வரிசை அவரிடமிருந்துதான் ஆரம்பமாயிற்று. தார்வாரில் பிறந்து, பெண்கள் பட்டம் பெறுவது அபூர்வமாயிருந்த காலத்தில் பட்டதாரியாகி, நாடக மேடையிலும் வெள்ளித்திரையிலும் பெயர் பெற்ற அவர், அந்த சோப்புக்குக் கொடுத்தது முகத்தை மட்டுமன்று; பல ஆண்டுப் பிரயாசையால் தேடிவைத்திருந்த கீர்த்தியில் ஒரு பங்கையும் சேர்த்தே கொடுத்தார்.

பெயரில்லாத முகங்களின் தொழில் இதற்கு நேர்மாறானது. மாடல் என்ற சொல்லால் நாம் குறிப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கோ ஆணுக்கோ கொடுப்பதற்குக் கீர்த்தி கிடையாது. இருப்பது முகமும் உடலின் லக்ஷணமும் மாத்திரமே. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஜவுளி ஆலைகளும் சோப்புக் கம்பெனிகளும் பெருகியபோது இந்த ஜீவனமும் பெருகிற்று என்றாலும், கௌரவமான உத்தியோகமாக அதைக் கருதியவர்கள் மிகச் சிலர். பார்சிகள், ஆங்கிலோ இந்தியர்கள், கோவாவைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஆகிய சமூகங்களின் பெண்களே பெரும்பாலும் காமிரா முன்னால் வந்து நின்றார்கள். படம் பிடித்துக்கொண்டால் ஆயுள் குறையும் என்று நம்பிய பாட்டிமார் இருந்த வீடுகளிலிருந்து அதற்குப் பெண்கள் எப்படி வருவார்கள்? வந்தவர்களும் பேசுவதற்காக வரவில்லை. புடவையின் மடிப்பைக் காட்டவும், கூந்தலின் நீளத்தைக் காட்டவும், சிரிக்கவும் அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அபிப்பிராயம் சொல்லுமாறு அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் தொலைக்காட்சி வந்தது. 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டில்லியில் பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டு, 1972-இல் பம்பாயையும், 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையையும் அடைந்த அந்தச் சாதனம், விவசாயத்தையும் சுகாதாரத்தையும் பற்றி உபதேசிக்கும் ஒரு சர்க்கார் ஆசிரியரைப் போலவே நெடுங்காலம் இருந்துவந்தது. விளம்பரங்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது 1976 ஜனவரி முதல் தேதியில். 1982-இல் வண்ணம் வந்தது. தேசம் முழுவதும் ஒரே சமயத்தில் காணும் தேசிய நிகழ்ச்சி வந்தது. 1984 ஜூலை 7-ஆம் தேதி 'ஹம் லோக்' என்ற தொடர் ஆரம்பமாகி 156 பகுதிகள் நடந்தது. அந்தத் தொடரை ஆதரித்தது, இரண்டு நிமிஷத்தில் வேகும் நூடுல்ஸ் ஒன்றை அப்போதுதான் இந்தியச் சமையலறைகளுக்கு அறிமுகப்படுத்தத் தொடங்கியிருந்த ஒரு கம்பெனி. கம்பெனி தொடரைத் தாங்கும். அதற்குப் பிரதியாகத் தன் பண்டத்தைப் பற்றிச் சொல்லச் சில நிமிஷங்கள் பெறும். இந்த ஏற்பாட்டினால் விளைந்த ஒரு பலனை அக்காலத்தில் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஒரே திரையில், ஒரே மாலையில், ஒன்றன்பின் ஒன்றாக விளம்பரமும் கதையும் வந்தபடியால், விளம்பரத்தில் கண்ட முகமும் கதையில் கண்ட முகமும் பார்ப்பவர் மனத்தில் ஒரே குடும்பத்து முகங்களாகிவிட்டன. இரண்டுக்கும் இடையேயிருந்த மதில் தானாகவே தாழ்ந்தது.

அந்த மதிலைத் தாண்டியவர்களில் ஆண்களும் உண்டு. லண்டனில் கணக்காயராகத் தேறி, அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு பம்பாய்க்கு வந்த சேகர் கபூர், ஜாம்நகரிலிருந்த ஓர் ஆலையின் டிக்ஜாம் சூட்டுத் துணிகளுக்கு மாடலாக இருந்தார். 1983-இல் 'மாசூம்' என்ற படத்தை டைரக்ட் செய்தார். 1985-இல் தூர்தர்ஷனில் வந்த 'கான்தான்' என்ற தொடரில் நடித்தார். பின்னால் அவர் அடைந்த உலகப் பிரசித்தியைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை. நம் கதையில் அவர் மறுபடியும் வருவார் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

கொடைக்கானலில் பாம்பாறு அருவி என்று ஒன்று இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் லிரில் என்ற எலுமிச்சைமண சோப்புக்கு விளம்பரம் எடுப்பதற்காகப் பம்பாயிலிருந்து ஒரு கூட்டம் அங்கே வந்து, காரன் லூனல் என்ற பெண்ணை அந்த அருவியின் கீழ் நிறுத்திப் படமெடுத்துச் சென்றது. அதன் பிறகு அந்த அருவிக்கு லிரில் அருவி என்றே ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. நம் நாட்டில் ஓர் அருவிக்குப் பெயர் வரவேண்டுமானால் ஒரு முனிவர் தவம் செய்திருக்க வேண்டும், அல்லது ஒரு தேவதை நீராடியிருக்க வேண்டும். இந்த அருவிக்கு ஒரு சோப்பின் பெயர் வந்தது என்பதைக் கேட்டு வருந்துவோர் வருந்தலாம். எனக்கு அந்த விளம்பரத்தைப் பற்றி வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பெண் அருவியில் குதிக்கிறாள், நீரை வாரி இறைக்கிறாள், சிரிக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாள் முழுவதும் வீட்டு வேலையிலே உழலும் இந்தியக் குடும்பப் பெண்ணுக்குத் தனக்கே தனக்கென்று வாய்க்கிற நேரம் குளிக்கும் பத்து நிமிஷம்தான் என்ற எண்ணத்தின்மேல் அந்த விளம்பரம் கட்டப்பட்டதாக அதை உண்டாக்கிய அலிக் பதம்சீ சொல்லியிருக்கிறார். உண்மையான எண்ணம், பரிவான எண்ணமுங்கூட. ஆனால் கதவைத் தாழிட்டுக்கொண்ட பத்து நிமிஷத்தில் மகிழ்கிற பெண்ணை மாத்திரமே அது காட்டிற்று. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து தெருவிலே பேசுகிற பெண்ணைக் காட்ட இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அவளைக் காட்டியவரும் அதே பதம்சீதான்.

லின்டாஸ் என்ற விளம்பர நிறுவனத்தின் தலைவராக இருந்த அவர் அடிப்படையில் நாடகக்காரர். ஆங்கில நாடகங்களை மேடையேற்றியவர். 1982-இல் வெளிவந்த 'காந்தி' படத்தில் ஜின்னாவாக நடித்தவரும் அவரே. எண்பதுகளில் அவர் முன்னால் ஒரு சங்கடமான காரியம் வந்துசேர்ந்தது. 1959 முதல் இந்தியாவில் விற்கப்பட்டுவந்த சர்ஃப் என்ற தூள், சலவைத் தூளுக்கே பெயராகிவிட்ட அளவு பிரசித்தி அடைந்திருந்தது. நம் வீடுகளில் எந்தக் கம்பெனித் தூளையும் 'சர்ஃப்' என்று சொல்வது இன்றும் மறைந்துவிடவில்லை. இந்த சாம்ராஜ்யத்தின்மேல் ஆமதாபாத்திலிருந்து ஒருவர் படையெடுத்தார். 1969-இல் தம் வீட்டிலேயே தூள் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் வீடுவீடாக விற்க ஆரம்பித்த கர்சன்பாய் படேல் என்ற ரசாயனம் படித்த சர்க்கார் ஊழியர், தம் மகள் நிருபமாவின் பெயரைச் சுருக்கி அதற்கு நிர்மா என்று பெயர் வைத்து, கிலோ சுமார் மூன்றரை ரூபாய் விலையில் கொடுத்தார். சர்ஃபின் விலை அதைப்போல் பல மடங்கு. மாசச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற குடும்பப் பெண்களிடம் போய், மலிவானதை வாங்காதே, விலை கூடியதை வாங்கு என்று யார் சொல்வது? சொன்னால் யார் கேட்பார்கள்?

நட்சத்திரத்தைக் கொண்டு சொல்லவைத்தால், அவளுக்கென்ன, காசு இருக்கிறது என்பார்கள். அருவிப் பெண்ணைக் கொண்டு சொல்லவைக்கவும் முடியாது. பேரம் பேசத் தெரிந்த ஒரு பெண்தான் இதைச் சொல்லவேண்டும் என்று பதம்சீ தீர்மானித்தார். வசதிக்குக் குறைவில்லாத குடும்பத்தில் இருந்தும் ஒவ்வொரு காசுக்கும் பேரம் பேசிய தம் தாயாரின் சுபாவத்திலிருந்தே அந்தப் பாத்திரம் தமக்குக் கிடைத்தது என்பது அவருடைய வாக்குமூலம். இப்படிப் பிறந்தவள்தான் லலிதாஜி. வெள்ளைப் புடவை, நீலக் கரை, நெற்றியில் பெரிய பொட்டு, நிமிர்ந்த தலை, யாரையும் ஏமாற்ற விடமாட்டேன் என்று சொல்லும் கண்கள். காய்கறிக்காரனிடம் அவள் கணக்காகப் பேசி வாங்குகிறாள். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்கிறது: இவ்வளவு பார்த்து வாங்குகிறவர் சலவைத் தூளில் மட்டும் ஏன் விலையுயர்ந்ததை வாங்குகிறீர்கள்? அவள் கூசவில்லை; குழையவில்லை; சிரித்து மழுப்பவுமில்லை. மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்றும், இந்தத் தூள் அரைக் கிலோ மற்றது ஒரு கிலோவுக்குச் சமானம் என்றும் நேரே நம் முகத்தைப் பார்த்து நியாயம் சொல்கிறாள்.

அந்தக் கணக்கு சரியா தப்பா என்று விசாரிப்பது என் நோக்கமன்று. அது அந்தக் கம்பெனியின் பாடு. விளம்பரத்தில் ஒரு பெண் தர்க்கம் செய்தாள் என்பதைத்தான் நான் விசேஷமாகக் கருதுகிறேன். கேள்வி ஆணுடையது, முகமில்லாத குரல். பதில் பெண்ணுடையது, முகத்தோடு கூடிய சொல். காலண்டர் தெய்வம் புன்னகை புரிந்தது. நட்சத்திரம் மோகனமாகப் பார்த்தது. அருவிப் பெண் ஆனந்தித்தாள். இவளோ காரணம் சொன்னாள். சந்தைக்குப் போகும் சாதாரண ஸ்திரீக்கு விவேகம் என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அந்த விவேகத்தின் முன்னால் தன் வழக்கை வைத்து வாதாட ஒரு பெரிய வியாபாரக் கம்பெனி முன்வந்தது சிறிய சம்பவமன்று. அந்த வாதத்தை நம்பும்படி செய்தது, எழுதப்பட்ட வசனத்தைவிட அதைப் பேசிய பெண்ணின் முகத்திலிருந்த ஒரு கண்டிப்பு. அந்தக் கண்டிப்பை எந்தத் தரகரிடமும் விலைக்கு வாங்க முடியாது. அது வாழ்க்கையிலிருந்து வரவேண்டும்.

கவிதா சௌத்ரிக்கு அது அமிர்தசரஸிலிருந்து வந்தது என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அவருடைய தந்தையார் ஒரு சொத்துத் தகராறில் அடைந்த துன்பமும், அப்போது காவல் நிலையத்தில் நியாயம் கிடைக்காமற்போனதும் அந்த வீட்டுப் பெண்களின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டன. மற்றொரு வீடாயிருந்தால், போலீஸ் வாசலே வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பார்கள். கவிதாவின் தமக்கையார் காஞ்சன் அந்த வாசலுக்குள்ளேயே நுழைந்துவிடத் தீர்மானித்தார். ஐ.பி.எஸ். உத்தியோகத்தில் பெண்களுக்கு முதல் வழியைத் திறந்தவர் 1972-ஆம் வருஷத் தொகுதியைச் சேர்ந்த கிரண் பேடி. அவரும் அமிர்தசரஸில் பிறந்தவர். அடுத்த ஆண்டுத் தொகுதியிலேயே காஞ்சன் சௌத்ரி தேறி, தேசத்தின் இரண்டாவது பெண் ஐ.பி.எஸ். அதிகாரியானார். உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றி, பிற்காலத்தில் 2004-ஆம் ஆண்டு உத்தராகண்ட் மாநிலத்தின் டி.ஜி.பி.யாக நியமனம் பெற்றபோது, இந்தியாவிலேயே அந்தப் பதவியை வகித்த முதல் பெண் என்ற பெருமையும் அவருடையதாயிற்று. 1973-ஆம் ஆண்டுதான் தமிழ்நாட்டிலும் காவல்துறையில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள் என்பதும், பின்னர் 1976-இல் எழுத்தாளர் திலகவதி ஐ.பி.எஸ். ஆனார் என்பதும் நினைக்கத்தக்கவை. வடக்கிலும் தெற்கிலும் ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாமலே, பெண்கள் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தமக்கை காவல்துறைக்குப் போக, தங்கை டில்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் போனார். அனுபம் கேர், சதீஷ் கௌசிக் முதலியவர்கள் பயின்ற காலம் அது. முகலக்ஷணத்தை முதலாக வைத்து விளம்பர உலகில் நுழைந்த பெண்களுக்கும் இவருக்கும் உள்ள பேதம் இங்கேதான் இருக்கிறது. குரலை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, அசையாமல் நின்றே எப்படி ஒரு மேடையை நிரப்புவது என்பனவற்றையெல்லாம் முறையாகக் கற்றவர் அவர். அரை நிமிஷ விளம்பரத்தில் ஒரு முழு மனுஷியை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்த அவரால் முடிந்ததற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம். மாடல் என்று அவரை அழைத்தவர்கள் தொழிலின் பெயரைச் சொன்னார்கள். அவர் செய்தது நடிப்பு.

லலிதாஜி வீட்டுக்கு வீடு பிரசித்தியான பிறகு, அந்தப் பிரசித்தியைக் கொண்டு அவர் என்ன வேண்டுமானாலும் சம்பாதித்திருக்கலாம். சினிமா அழைத்திருக்கும், வேறு சோப்புகளும் எண்ணெய்களும் அழைத்திருக்கும். ஆனால் அவர் உட்கார்ந்து ஒரு கதையை எழுதினார். தமக்கையின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. 'உடான்' என்று அதற்குப் பெயர் வைத்தார். பறத்தல் என்று பொருள். 1989-ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் அது ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. எழுதியவர், இயக்கியவர், கல்யாணி சிங் என்ற பிரதான பாத்திரத்தில் நடித்தவர் மூவரும் அவர் ஒருவரே. அக்காலத்துத் தொலைக்காட்சியில் ஒரு பெண் இம்மூன்று பாரத்தையும் ஒருங்கே சுமப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை இன்றைய வாசகர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

கதை பெரிய சாகசக் கதையன்று. ஆண் குழந்தைக்குக் கிடைக்கும் வரவேற்பு கிடைக்காமல் பிறக்கிற ஒரு பெண், தன் குடும்பத்துக்கு இழைக்கப்படும் அநியாயங்களைக் கண்ணாரக் கண்டு வளர்கிறாள், அநியாயத்தைக் கேட்கவேண்டுமானால் கேட்கும் அதிகாரம் கையில் இருக்கவேண்டும் என்று தெளிகிறாள், படிக்கிறாள், ஐ.பி.எஸ். ஆகிறாள். மகளைத் தாங்கி நிற்கிற தகப்பனார் அதில் உண்டு. உடையைத் தரித்த பிறகுதான் அவளுடைய மெய்யான சோதனை ஆரம்பமாகிறது. கீழே உள்ளவர்கள் அவள் கட்டளையைச் சிரிப்போடு கேட்கிறார்கள், மேலே உள்ளவர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். உரக்க அழுவதும், கதவருகே நின்று ஒட்டுக் கேட்பதும், மருமகளை வஞ்சிப்பதும் அதில் இல்லை. இசை முழங்க முகத்தை மூன்று முறை காட்டும் வித்தையும் இல்லை. ஒரு பெண் வேலை செய்கிறாள். அதை நாம் பார்க்கிறோம். அவ்வளவுதான். அவள் பணிபுரியும் மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டாக வந்தவர், முன்னே நான் குறிப்பிட்ட சேகர் கபூர். துணிக்கு மாடலாக இருந்தவரும் சலவைத் தூளுக்கு மாடலாக இருந்தவரும் ஒரு ஜில்லாவின் நிர்வாகத்தைப் பற்றி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய அந்தக் காட்சிகளில், விளம்பரத்தின் வாசனை கொஞ்சமும் இல்லை. அவர்கள் இருவருக்கும் இடையே மலர்ந்த சிநேகத்தையும் பரஸ்பர மரியாதையையும் அவ்வளவு அடக்கமாகக் காட்டிய தொடர் அதன்பின் நம் தொலைக்காட்சியில் வெகு சிலவே.

அநியாயத்தைக் கேட்டு வாசலில் வந்து நின்ற பெண் என்றால் தமிழ் மனத்துக்கு உடனே தோன்றுவது கண்ணகி. பாண்டியனுடைய அரண்மனை வாசலில் வாயிற்காவலன் ஒருவன் நிற்கிறான்; அவளைக் கண்டு நடுங்கி, அவள் கோலத்தை உள்ளே போய் அரசனுக்கு வருணிக்கிறான். அவள் வழக்காளி, அவன் காவலன். பல நூற்றாண்டுகளாக நம் கதைகளில் பெண்ணின் ஸ்தானம் அந்த வழக்காளியின் ஸ்தானந்தான். அவள் அழலாம், சபிக்கலாம், ஊரை எரிக்கவும் செய்யலாம், ஆனால் வாசலைக் காப்பவளாக இருப்பதில்லை. கல்யாணி சிங் காவலனுடைய இடத்தில் போய் நின்றாள். வழக்கோடு வருகிற எவரும் திருப்பியனுப்பப்படக் கூடாது என்பதற்காக நின்றாள். தந்தைக்கு ஒரு காவல் நிலையத்தில் கிடைக்காத நியாயத்தை ஒரு மகள் உத்தியோகத்தின் மூலமாகவும், இன்னொரு மகள் கலையின் மூலமாகவும் தேடியது இந்தக் குடும்பத்தின் வரலாறு. அதில் எனக்குள்ள மதிப்பை அளவிட்டுச் சொல்ல இயலவில்லை.

அந்தத் தொடரைப் பார்த்துத்தான் போலீஸ் உத்தியோகத்துக்கும் ஆட்சிப் பணிக்கும் பரீட்சை எழுதும் எண்ணம் வந்ததென்று சொன்ன பெண்கள் பலர். நம் ஊர்களில் அதன் பாஷை பலருக்குப் புரிந்ததில்லை. தெருவில் ஹிந்தி பிரசார சபைப் பரீட்சை இரண்டொன்று தேறிய யாராவது ஒருவர் இருப்பார். தேசிய நிகழ்ச்சி நடக்கும்போது அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து, அவ்வப்போது அர்த்தம் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அந்த நாற்காலி என் சித்தப்பாவுக்கு. கல்யாணி முதன்முதலில் காக்கி உடையில் வந்து சல்யூட் வைத்த காட்சியில், ஒரு வார்த்தை ஹிந்தி அறியாத என் அத்தை, சித்தப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே, "இது நம்ம லலிதாஜி இல்லையாடா?" என்று கேட்டார். 'நம்ம' என்ற அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

அத்தைக்கு அவள்பேரில் அப்படி ஒரு பாத்தியதை ஏற்பட்டதற்குக் காரணம் இருந்தது. சிறு வயதிலேயே கணவரை இழந்து, தம்பி குடும்பத்தோடு இருந்து, அந்தக் குடும்பத்தின் வரவு செலவைத் தம் கையில் வைத்திருந்தவர் அவர். துவரம் பருப்பைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பார். புளியில் கொட்டை எத்தனை என்று பார்ப்பார். தராசு முள் நிற்கும்வரை பார்ப்பார். விளம்பரம் வந்த புதிதில் கடைக்காரர் அவரைக் கண்டதும், "வாங்க லலிதாஜி அம்மா" என்று வரவேற்றார். கேலியாகச் சொன்ன பெயர் என்று நாங்கள் நினைத்தோம். சில மாதங்களில் கடைப் பையன்களும் அப்படியே அழைக்க ஆரம்பித்தபோது, அத்தை அதை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது தெரிந்தது. கடைசிவரை அவர் வீட்டில் வாங்கியது மலிவுத் தூளைத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறிற்று. கேபிள் வழியாகச் சானல்கள் வந்தன. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சென்னையில் சன் டி.வி. ஆரம்பமாயிற்று. 1994-இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூட்டப்பட்ட பிறகு, மாடல் தொழில் நடுத்தரக் குடும்பங்களும் விரும்பும் உத்தியோகமாயிற்று. நாள்தோறும் வரும் தொடர்களுக்கு நாள்தோறும் முகங்கள் தேவைப்பட்டன. அழகுப் போட்டி மேடைக்கும் தொடர் அரங்குக்கும் இடையே ஒரு ராஜபாட்டையே ஏற்பட்டுவிட்டது. 1998-இல் இந்திய அழகிப் போட்டியில் கலந்துகொண்ட ஸ்மிருதி இரானி 2000-ஆம் ஆண்டு ஜூலையில் ஆரம்பமான ஒரு மாமியார் மருமகள் தொடரின் மூலம் தேசத்துக்கே மருமகளானது அதற்குப் பெரிய உதாரணம். அந்தப் பாதையில் வந்த எல்லோரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. திறமையும் உழைப்பும் உள்ளவர்கள் அவர்களில் அநேகர். ஆயினும் முகத்தைக் கண்டபின் அதற்கேற்ற கதையைத் தேடும் முறை அப்போது நிலைபெற்றுவிட்டது. கவிதா சௌத்ரியோ சொல்லவேண்டிய கதையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குத் தம் முகத்தைக் கொடுத்தவர்.

அதன் பிறகு அவர் வெகு அரிதாகவே திரைக்கு வந்தார். 'யுவர் ஆனர்', 'ஐ.பி.எஸ். டைரீஸ்' என்று அவர் தூர்தர்ஷனுக்காகப் பின்னாளில் தயாரித்த நிகழ்ச்சிகளின் பெயர்களே அவர் மனம் எங்கே தங்கிவிட்டது என்பதைச் சொல்லும்: நீதிமன்றம், காவல் நிலையம். 2018 நவம்பரில் அலிக் பதம்சீ காலமானார். 2019 ஆகஸ்டில் காஞ்சன் சௌத்ரி காலமானார். 2020-இல் கொள்ளைநோயினால் தேசம் முழுவதும் கதவடைத்துக் கிடந்தபோது, தூர்தர்ஷன் தன் பழைய பெட்டகத்தைத் திறந்து 'உடான்' தொடரை மறுபடி ஒளிபரப்பிற்று. வண்ணம் மங்கிப்போன அந்தச் சுருள்களில் தமக்கையும் தங்கையும் ஓர் உருவாகி, இளமையும் கண்டிப்பும் மாறாமல், மறுபடி சல்யூட் வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் கவிதா சௌத்ரி அமிர்தசரஸில் மாரடைப்பால் உயிர் நீத்தார்.

மறுநாள் பத்திரிகைகளில் அவர் பெயரோடு தவறாமல் லலிதாஜி என்ற பெயரும் இருந்தது. சிலவற்றில் அதுவே முந்தியும் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த பின்பு, அத்தை காலமான வருஷத்தில் கணக்கு முடிப்பதற்காகக் கடைக்காரரிடம் போயிருந்ததை நினைத்துக்கொண்டேன். அவர் உள்ளே போய்ப் பழைய சிட்டை ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்து, பக்கத்தைப் பிரித்து என் பக்கமாகத் திருப்பினார். பருப்பு, புளி, விளக்கெண்ணெய், தூள் என்று மாசாமாசம் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாசக் கடைசியிலும் 'தீர்ந்தது' என்று கோடு கிழித்திருந்தது. தலைப்பில் 'லலிதாஜி அம்மா' என்று இருந்தது. என் அத்தையின் பெயர் அந்தச் சிட்டையில் எங்கும் இல்லை.